தெருவிளக்குக் கம்பத்திலேயே சிக்னல்: வடசென்னைச் சந்திப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நாற்சந்திக்கு எத்தனை கம்பங்கள் தேவை என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு சாலைகளுக்கும் நிறுத்தக்கோட்டருகே ஒரு சிக்னல், எதிர்ப்புறம் ஒன்று என எட்டு. நடந்து கடப்பவர்களுக்கு, அவர்கள் கடக்கும் ஒவ்வொரு கோட்டின் இரு முனையிலும் ஒன்று என இன்னும் எட்டு. மூலைக்கு ஒரு தெருவிளக்கும் மூலைக்கு ஒரு கேமரா கம்பமும் சேர்ந்தால் இருபத்து நான்கு. இதற்கு மேல்தான் தெருப்பெயர்ப் பலகை, 'வாகனங்களை நிறுத்தாதீர்' பலகை, பஸ் நிறுத்தக் குழாய், கட்சிக் கொடிக்கம்பம், எப்போதோ வெட்டிவிட்டு அடியை மட்டும் விட்டுப்போன பழைய கம்பத்தின் மிச்சம் எல்லாம் வந்து சேர்கின்றன.

இந்திய சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டுதல்படி, நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். கடைவீதிக்கு இன்னும் கூடுதல். பழைய வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ நடைபாதையின் மொத்த அகலமே அவ்வளவு இருந்தால் அதிர்ஷ்டம். அதன் நடுவில் ஒரு கம்பம் நின்றால் சக்கர நாற்காலி இறங்கிச் சாலைக்குத்தான் போக வேண்டும்.

இதற்கு ஒரு வழி, சிக்னலைத் தெருவிளக்குக் கம்பத்திலேயே பொருத்துவது. இது புதிதல்ல. அமெரிக்காவில், குறிப்பாகக் கலிஃபோர்னியாவில், சாலைக்கு மேல் கை நீட்டும் சிக்னல் கம்பத்தின் உச்சியில் தெருவிளக்கையும் மாட்டுவது நெடுநாள் வழக்கம். லண்டனில் 2000-களின் தொடக்கத்தில் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டைச் சீரமைத்தபோது, ஓரத் தடுப்புக் கம்பிகளை எடுத்துவிட்டு, சிக்னலையும் பலகைகளையும் முடிந்தவரை விளக்குக் கம்பங்களுக்கே மாற்றினார்கள். நம் ஊரில் இதைப் பேசினால், 'இருக்கிற விளக்குக் கம்பத்தில் ஒரு கிளாம்ப் போட்டுச் சிக்னலை மாட்டினால் தீர்ந்தது' என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்வதைவிடச் செய்யாமலே இருக்கலாம். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், சிக்னலுக்கு ஏற்றபடி விளக்கை நகர்த்த வேண்டுமே தவிர, விளக்குக்கு ஏற்றபடி சிக்னலை நகர்த்தக் கூடாது.

குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர்கள், வார்டு கவுன்சிலர்கள், ஒப்பந்தக்காரரின் வேலையை மேற்பார்க்கும் இளம் பொறியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: எண்ணுங்கள், படம் போடுங்கள்

சந்திப்பின் ஒவ்வொரு கரத்திலும் ஐம்பது மீட்டர் தூரம்வரை நடந்து, நிற்கும் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறியுங்கள். தெருவிளக்குக் கம்பங்களில் எண் எழுதியிருக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் அலுவலகத்தில் பேசும்போது 'மருந்துக்கடை எதிரில் உள்ள கம்பம்' என்பதைவிடக் கம்ப எண் பத்து மடங்கு வேலை செய்யும். பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்விநியோகப் பெட்டி), சிக்னலை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டி, மரம், நிழற்குடை, மழைநீர் வடிகாலின் மூடி எல்லாம் படத்தில் வர வேண்டும். வடிகால் குறிப்பாக முக்கியம். நடைபாதைக்கு அடியில் பெரும்பாலும் அதுதான் ஓடுகிறது. அதன் மேல் கம்பத்துக்கு அடித்தளம் போட முடியாது.

ஒவ்வொரு கம்பத்துக்கும் எதிரே ஒரே கேள்வி: இது எதற்கு நிற்கிறது? பதில் கிடைக்காதவை சில கட்டாயம் இருக்கும். எதையும் இணைப்பதற்கு முன்னால் அவற்றை எடுக்கச் சொல்லுங்கள். செலவே இல்லாத முன்னேற்றம் அது.

படி 2: யாருடைய கம்பம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தெருவிளக்கு மாநகராட்சியின் மின்துறையைச் சேர்ந்தது. சிக்னல் போக்குவரத்துக் காவல்துறையின் பொறுப்பு. இரண்டுக்கும் மின்சாரம் தருவது மின்பகிர்மானக் கழகம். சாலையோ மாநகராட்சியுடையதாகவும் இருக்கலாம், மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாகவும் இருக்கலாம். எண்ணூர் – மணலி சாலை மேம்பாட்டுத் திட்டத்தில் வந்த சாலைகளில் தேசிய நெடுஞ்சாலை ஆணையமும் சேர்ந்துகொள்ளும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ தூண்கள் இருக்கும் பகுதி என்றால் மெட்ரோ நிறுவனத்தையும் கேட்க வேண்டும்.

கம்பங்கள் பெருகியதற்கு உண்மையான காரணம் இதுதான். ஒவ்வொரு துறைக்கும் தனக்கென ஒரு கம்பம் நடுவது, இன்னொரு துறையிடம் அனுமதி கேட்பதைவிட எளிது. ஆகவே கம்பத்தை இணைப்பது என்பது பாதி பொறியியல், பாதி காகித வேலை. தடையின்மைச் சான்று மட்டும் வாங்கினால் போதாது. எழுத்தில் இருக்க வேண்டியவை மூன்று: கம்பம் யாருடைய சொத்து, லாரி மோதிச் சாய்ந்தால் யார், எவ்வளவு நேரத்தில் மாற்றுவது, புதிதாக எதையாவது மாட்ட யாரிடம் அனுமதி பெறுவது. மாநகராட்சி கம்பத்தையும், காவல்துறை அதில் உள்ள சிக்னலையும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும் ஏற்பாடு என்பது என் கருத்து.

மூன்றாவது அம்சத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கேபிள் டிவிக்காரரும் இணையக் கம்பிக்காரரும் கம்பத்தைக் கேட்டா ஏறுகிறார்கள்? சாதாரண விளக்குக் கம்பத்தில் அது அசிங்கம். சிக்னல் உள்ள கம்பத்தில் ஆபத்து: தொய்ந்த கம்பிச் சுருள் ஒன்று சிவப்பு விளக்கின் முன்னால் தொங்கினால் போதும்.

கூட்டு ஆய்வுக்கு எல்லாத் துறையினரையும் ஒரே நேரத்தில் சந்திப்பிலேயே வரவழைக்கப் பாருங்கள். தனித்தனியாக மனு கொடுத்தால் ஒருவர் பதிலை இன்னொருவர் மேற்கோள் காட்டியபடி மாதங்கள் ஓடிவிடும்.

படி 3: சிக்னலின் இடத்தை முதலில் குறியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

தெருவிளக்குக் கம்பத்தின் இடத்தை முடிவு செய்வது வெளிச்சத்தின் பரவல். ஒன்பது மீட்டர் உயரக் கம்பங்கள் பொதுவாக இருபத்தைந்து முதல் முப்பது மீட்டர் இடைவெளியில் வரும். சிக்னலின் இடத்தை முடிவு செய்வது ஓட்டுநரின் கண். நிறுத்தக்கோட்டைத் தாண்டி ஓரிரு மீட்டரில் முதல் சிக்னல் நிற்க வேண்டும். கோட்டில் நிற்கும் முதல் வண்டிக்காரர் கழுத்தை வளைக்காமல் பார்ப்பதற்குச் சந்திப்பின் எதிர்ப்புறத்தில் இரண்டாவது சிக்னல் வேண்டும். இந்த இரண்டு கணக்கும் தற்செயலாக ஒரே புள்ளியில் வந்து விழுவது அபூர்வம். விளக்குக் கம்பம் கோட்டைத் தாண்டிப் பத்து மீட்டர் தள்ளி நிற்கும். அதில் சிக்னலை மாட்டினால் வண்டிகள் அந்தக் கம்பத்தைப் பார்த்து நிற்கும், அல்லது பார்க்காமலே கடந்துபோகும். நடப்பவர்கள் கடக்கும் கோடு வண்டிகளுக்கு அடியில் போய்விடும்.

எனவே தலைகீழாகத் தொடங்குங்கள். சந்திப்பின் சிக்னல் இடங்களை முதலில் உறுதி செய்து, அங்கெல்லாம் இரட்டைப் பயன் கம்பம் (சிக்னலும் விளக்கும் சேர்ந்தது) என்று குறியுங்கள். பிறகு அந்தக் கம்பங்களிலிருந்து வெளிப்புறமாக மற்ற விளக்குகளின் இடைவெளியைப் பிரியுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: இரண்டு சந்திப்புகளின் இரட்டைப் பயன் கம்பங்களுக்கு நடுவே 260 மீட்டர் இருக்கிறது. முப்பது மீட்டர் என்று பிடிவாதமாக அளந்தால் கடைசியில் இருபது மீட்டர் துண்டு மிஞ்சும். அதற்காக ஒரு கம்பம் தவறான இடத்தில் வரும். பத்தாகப் பிரித்தால் 26 மீட்டர். சீராக இருக்கும், வெளிச்சமும் குறையாது.

இதனால் ஒன்று தெளிவாகிறது. ஏற்கெனவே நட்டு முடித்த, நல்ல நிலையில் உள்ள சாலையில் இந்த வேலையைத் தனியாகச் செய்வது வீண் செலவு. சாலையில் விளக்குகளை மாற்றும்போதோ, நடைபாதையையும் வடிகாலையும் புதிதாகக் கட்டும்போதோ இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான மோட்டார் அல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதன்படி நடைபாதையை அமைக்கும் எந்தப் பணியும் இதற்கு நல்ல வாய்ப்பு. ஒப்பந்தப் புள்ளி கோருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வேலை தொடங்கிய பிறகு கேட்டால், 'மதிப்பீட்டில் இல்லை' என்பார்கள். அதில் தவறும் இல்லை.

இடம் குறிக்கும்போது வடசென்னைக்கே உரிய சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி. நாற்பது அடி டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் அகலமாகப் போகும், பின்சக்கரங்கள் மூலையை வெட்டிக்கொண்டு வரும். மூலையின் வளைவிலேயே கம்பம் நட்டால் அது என்றாவது ஒருநாள் விழும். முன்பு விழுந்தால் சிக்னல் மட்டும் போகும். இப்போது விளக்கும் சேர்ந்து போகும். வளைவு தொடங்குவதற்கு முன்போ, முடிந்த பிறகோ நடுங்கள். நடைபாதை விளிம்பிலிருந்து குறைந்தது அரை மீட்டர் உள்ளே தள்ளுங்கள். கம்பத்தைக் காக்கச் சுற்றிலும் இரும்புக் கட்டைகள் நடுவது சிலருக்குப் பிடித்த தீர்வு. கம்பத்தைக் குறைக்கப் போய் நான்கு கட்டைகளைக் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மெட்ரோ தூண்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபின், திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் வடபகுதியில் தூண் வரிசை பார்வையை இரண்டாகப் பிரிக்கிறது. எதிர்ப்புறச் சிக்னல் தூணுக்குப் பின்னால் மறையும் இடங்களில், ஓரக் கம்பத்தில் மாட்டி எந்தப் பயனும் இல்லை. அங்கே சாலையின் நடுவில் தனிச் சிக்னல் வேண்டியிருக்கலாம். வேண்டியிருந்தால் வையுங்கள். கம்பம் குறைவது நல்லதுதான், சிக்னல் தெரிவது அதைவிட முக்கியம்.

பஸ்ஸும் நிறுத்திய லாரியும். கம்பத்துக்குச் சற்று முன்னால் பஸ் நிறுத்தம் இருந்தால் நிற்கும் பஸ் முதல் சிக்னலை முழுதாக மறைத்துவிடும். நிறுத்தத்தைச் சந்திப்பு தாண்டி மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

படி 4: கம்பம் தாங்குமா?

சிக்னல் பெட்டியின் எடை பெரிதல்ல, காற்றுதான் கணக்கு. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, பகுதி 3-இன்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் விழும் அழுத்தம் ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமம்.

300 மில்லிமீட்டர் விளக்குகள் மூன்று கொண்ட சிக்னல் பெட்டி தோராயமாக 1.1 மீட்டர் உயரம், 0.4 மீட்டர் அகலம். தட்டையான வடிவத்துக்கான பெருக்கத்தையும் சேர்த்தால் அதன் மேல் காற்றின் தள்ளல் சுமார் 80 கிலோ. அது தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் கம்பத்தின் அடியில் 240 கிலோகிராம்-மீட்டர் வளைவிசை (தள்ளலை உயரத்தால் பெருக்கியது). உச்சியில் இருக்கும் எல்.இ.டி. தெருவிளக்கின் பக்கப் பரப்பு சிறியது, 0.05 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மீட்டர் உயரத்தில் இருந்தும் அது தரும் வளைவிசை 70 கிலோகிராம்-மீட்டரைத் தாண்டாது. கீழே மாட்டும் ஒரே ஒரு சிக்னல், எந்த விளக்குக்காகக் கம்பம் செய்யப்பட்டதோ அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் பளுவைச் சேர்க்கிறது. சிக்னல் தெளிவாகத் தெரிய அதன் பின்னால் வைக்கும் பின்பலகை, நொடி எண்ணும் டைமர், சூரியத் தகடு என்று ஒவ்வொன்றும் பரப்பைக் கூட்டும்.

சாலைக்கு மேல் கை நீட்டிச் சிக்னல் மாட்டினால் கதையே வேறு. ஐந்து மீட்டர் கையின் முனையில் அதே பெட்டி, ஆறு மீட்டர் உயரத்தில்: வளைவிசை இரு மடங்கு, அதோடு கம்பத்தைத் துணி பிழிவதுபோல் முறுக்கும் 400 கிலோகிராம்-மீட்டர் விசை. சாதாரண விளக்குக் கம்பம் இந்த முறுக்கை நினைத்துச் செய்யப்பட்டதே இல்லை. கம்பத்தின் அடியில் கட்-அவுட் பெட்டிக்காக (ஃபியூஸ் பெட்டி) வெட்டிய கதவுத் துளைதான் எல்லாவற்றிலும் பலவீனமான இடம். முறுக்கு அங்கேதான் முதலில் பிளக்கும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் கடந்தபோது சென்னையில் ஏராளமான விளக்குக் கம்பங்கள் விழுந்ததை வெறும் விளக்கு மட்டும் தாங்கிய கம்பங்களின் கதை என்று நினைவில் வையுங்கள்.

ஆகவே விதி எளியது. ஓரத்தில் மாட்டும் சிக்னல் என்றால், கூடுதல் பளுவுக்குக் கணக்கிட்ட தடித்த சுவர்க் கம்பம். கை நீட்டும் சிக்னல் என்றால், சிக்னல் கம்பமாகவே வடிவமைத்து அதன் மேல் விளக்கை ஏற்றுங்கள். விளக்குக் கம்பத்துக்குக் கை ஒட்டாதீர்கள். எந்தக் கம்பத்துக்கும் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்திட்ட கணக்குத் தாள் இருக்க வேண்டும். 'இதுபோல நிறைய நட்டிருக்கிறோம்' என்பது கணக்கு அல்ல.

மின்கம்பி தாங்கும் சிமென்ட் கம்பங்களில் சிக்னல் மாட்டும் யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். அவை மின்பகிர்மானத்தின் கம்பங்கள். மேலே மின்சாரம் ஓடும் கம்பி, கீழே ஏணியோடு சிக்னல் பழுது பார்ப்பவர். அந்தச் சேர்க்கை வேண்டாம்.

படி 5: இரண்டு மின்சாரம், ஒரு கம்பம்

தெருவிளக்குக் கம்பத்தில் பகலில் மின்சாரம் இருக்காது. டைமர் மாலையில் போடும், காலையில் அணைக்கும். சிக்னலுக்கோ இருபத்து நான்கு மணி நேரமும் வேண்டும். எனவே தெருவிளக்குக் கம்பியிலிருந்து சிக்னலுக்கு இணைப்பு எடுக்க முடியாது. கன்ட்ரோலர் பெட்டியிலிருந்து தனிக் குழாயில் தனி கேபிள் வர வேண்டும். ஒரே கம்பத்துக்குள் இரண்டு மூலங்களிலிருந்து மின்சாரம் வருகிறது என்பதுதான் இந்த முழு யோசனையின் மிகப் பெரிய ஆபத்து.

இப்படி நினைத்துப் பாருங்கள். சிக்னல் பழுது பார்க்க ஒருவர் வருகிறார். கன்ட்ரோலரில் சுவிட்சை அணைக்கிறார். கம்பத்தின் கதவைத் திறக்கிறார். மாலை ஆறேகால். டைமர் தெருவிளக்கைப் போடுகிறது. அணைத்துவிட்டோம் என்று அவர் நம்பும் கம்பத்துக்குள் 230 வோல்ட் வந்துவிட்டது.

இதைத் தடுக்க:

- விளக்குக்கும் சிக்னலுக்கும் தனித்தனி அறை, தனித்தனிக் கதவு. ஒன்றைத் திறந்தால் மற்றதன் முனைகள் கைக்கு எட்டக் கூடாது. விளக்கின் கேபிள் உச்சிவரை தனிக் குழாயில் போக வேண்டும்.
- இரண்டு கதவுகளிலும் 'இந்தக் கம்பத்தில் இரண்டு மின்னிணைப்புகள் உள்ளன' என்று தமிழில், அழியாத தகட்டில். ஸ்டிக்கர் ஒரு வெயிலுக்குத் தாங்காது. பழுது பார்க்க வருபவர் இந்தி பேசும் தொழிலாளராகவும் இருக்கலாம் என்பதால் படக்குறியும் வேண்டும்.
- சிக்னல் பக்கத்தைக் குறைந்த மின்னழுத்தத்தில் இயக்குங்கள். பிரிட்டனில் 48 வோல்ட் சிக்னல்கள் பரவலாகிவிட்டன. எல்.இ.டி. விளக்கு ஒன்று பத்துப் பதினைந்து வாட்தான் எடுக்கும் என்பதால் இது சாத்தியமாகிறது. பழைய குண்டு பல்பு காலத்தில் கேபிள் தடிமனே கட்டுப்படியாகாது.
- கம்பத்தின் உலோகத்துக்கு ஒரே எர்த். விளக்கு, சிக்னல் இரண்டின் எர்த் கம்பியும் அதே முனையில் வந்து இணைய வேண்டும். விளக்குப் பக்கத்துக்கு மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர் கட்டாயம்.
- கதவின் அடிவிளிம்பு அந்த இடத்தில் தேங்கும் மழைநீர் மட்டத்துக்கு மேல்.

கடைசி அம்சத்தைச் சற்று விளக்க வேண்டும். 2017 நவம்பர் 1-ஆம் தேதி கொடுங்கையூரில் தேங்கிய மழைநீரில் மின்சாரம் பாய்ந்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர் போன்ற தாழ்வான பகுதிகளில் 'வழக்கமாக அரை மீட்டரில் கதவு வைப்போம்' என்ற பதிலை ஏற்காதீர்கள். அந்தத் தெருவில் குடியிருப்பவர்களைக் கேட்டால் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் காட்டுவார்கள். அதற்குமேல் ஒரு சாண் வையுங்கள். நடைபாதையில் மக்கள் கை வைக்கும் கம்பம் இது. நடப்பவர் பொத்தானும் இதில்தான் இருக்கும். பொத்தான் பக்கம் 230 வோல்ட் வரவே கூடாது.

மின்தடையின்போது விளக்கு அணைந்தாலும் சிக்னல் எரிய வேண்டும். அதற்கான மின்கலம் கன்ட்ரோலர் பெட்டியில் இருக்கட்டும். கம்பத்தின் மேல் ஏற்றாதீர்கள்.

படி 6: உயரம், கோணம், பின்னணி

நடைபாதைக்கு மேல் தலையிடிக்காத உயரம் 2.2 மீட்டர் வேண்டும் என்கிறது ஐ.ஆர்.சி. 103. சிக்னல் பெட்டியின் அடியை 2.4 மீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். சாலைக்கு மேல் நீளும் கை என்றால் கீழே 5.5 மீட்டர் இடைவெளி; உயரமான கன்டெய்னரை ஏற்றிய டிரெய்லர் நான்கரை மீட்டரைத் தொடும், சாலையில் மீண்டும் தார் போட்டால் தரைமட்டமும் ஏறும். நடப்பவர் பொத்தான் சுமார் ஒரு மீட்டரில்.

கிளாம்ப் மேலொன்று கீழொன்று என இரண்டு. ஒற்றை கிளாம்பில் தொங்கும் சிக்னல் காற்றில் மெல்லத் திரும்பும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு போன்ற நெருக்கமான இடங்களில் அது பதினைந்து இருபது பாகை திரும்பினாலே பக்கத்துச் சாலைக்காரருக்குத் தவறான பச்சை தெரியும். இருண்ட சிக்னலைவிட அது மோசமானது.

பின்னணி வெளிச்சத்தையும் பாருங்கள். பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சள், சிக்னலின் மஞ்சளோடு குழம்பிய காலம் போய்விட்டது, வெள்ளை எல்.இ.டி. வந்தது இந்த யோசனைக்குப் பெரிய உதவி. ஆனால் அந்த இடத்தைக் கடைப் பலகைகள் பிடித்துக்கொண்டன. மருந்துக்கடையின் மின்னும் பச்சைச் சிலுவை சிக்னலின் நேர் பின்னால் வந்தால் மழையிரவில் ஓட்டுநருக்கு எது எது என்று தெரியாது. கறுப்புப் பின்பலகை வைப்பதா, கடைக்காரரிடம் பேசுவதா என்று இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பின்பலகை காற்றுப் பரப்பைக் கூட்டும். படி 4-இன் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும்.

படி 7: துருவும் மண்ணும்

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கரையோரத்தில் உப்புக்காற்று. மணலிப் பக்கம் ஆலைப் புகையின் கந்தகம். இரண்டும் துத்தநாகப் பூச்சைத் தின்னும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த கம்பமே வேண்டும். ஐந்து மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எஃகுக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம் என்ற இந்தியத் தர அளவைச் சோதித்துப் பெறுங்கள். அது ஏறக்குறைய 85 மைக்ரான் தடிமன். அளக்கும் கருவி சிறியது, பொறியாளரிடம் கேட்டால் கொண்டுவருவார்.

சாலையில் வைத்துக் கம்பத்தில் துளை போடக் கூடாது. துளையிட்ட இடத்தில் பூச்சு போய்விடும். மூன்று மழைக்காலத்தில் சிவப்புக் கண்ணீர் வடியும். சிக்னல் கேபிள் வெளிவரும் துளைகளைத் தொழிற்சாலையிலேயே வெட்டி, அதன்பின் துத்தநாகத்தில் முக்க வேண்டும். கிளாம்ப் துருப்பிடிக்காத எஃகு என்றால் அதற்கும் கம்பத்துக்கும் இடையே ரப்பர் பட்டை வையுங்கள். இரு உலோகங்களும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம் விரைவாகக் கரையும்.

அடித்தளம், கரையோர மணலுக்கு ஒன்று, உள்பகுதிக் களிமண்ணுக்கு வேறு. ஒரே வரைபடத்தை எல்லா இடத்துக்கும் ஓட்டாதீர்கள். குழி தோண்டும்போது கேபிளும் குடிநீர்க் குழாயும் எங்கே வரும் என்று எந்த வரைபடமும் முழுதாகச் சொல்லாது. முதல் ஒரு மீட்டரைக் கையால் தோண்டச் சொல்லுங்கள்.

படி 8: மாற்றும் இரவு

பழைய சிக்னல் எரிந்துகொண்டிருக்கும்போதே புதிய கம்பத்தை நட்டு, கேபிள் இழுத்து, புதிய சிக்னலைச் சாக்குத்துணியால் மூடி வையுங்கள். வண்டி குறைந்த நேரத்தில், போக்குவரத்துக் காவலர் நின்று கை காட்டும்போது, ஒரே மூச்சில் மாற்ற வேண்டும். வடசென்னையில் நள்ளிரவு எல்லாச் சாலைக்கும் அமைதியான நேரம் அல்ல. துறைமுகச் சாலைகளில் லாரி ஓட்டமே அப்போதுதான். காசிமேட்டுப் பக்கம் விடியற்காலையில் மீன் வண்டிகள். உங்கள் சந்திப்புக்கு எது குறைந்த நேரம் என்று அங்கே பணியில் நிற்கும் காவலர்தான் சரியாகச் சொல்வார். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வண்ணாரப்பேட்டைப் பக்கம் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

மூடியை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக எரியவிட்டுப் பாருங்கள். கம்பிகள் மாறி, ஒரே நேரத்தில் குறுக்குச் சாலைகள் இரண்டுக்கும் பச்சை விழுவதைக் கன்ட்ரோலர் தானே கண்டு நிறுத்துகிறதா என்றும் சோதியுங்கள்.

அடுத்தது, எல்லாரும் மறக்கும் வேலை: பழைய கம்பங்களை எடுப்பது. புதியதை நட்டுப் பழையதை விட்டுவிட்டால் கம்பம் கூடியதுதான் மிச்சம். வெட்டி எடுத்து, அடித்தட்டின் போல்ட்டுகளை நீட்டிக்கொண்டிருக்க விட்டால் அதைவிடக் கெடுதல். இருட்டில் கால் இடறுவது அவற்றில்தான். அடித்தளத்தை இடித்து, நடைபாதை மட்டத்துக்குக் கல் பதித்துச் சமப்படுத்தும் வரை ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அகற்ற வேண்டிய கம்பங்களின் எண்கள் பட்டியலாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும். முதல் படியில் எழுதி வைத்த பட்டியல் இங்கே பயன்படும்.

படி 9: ஒப்புக்கொள்வதற்கு முன்பும் பின்பும்

சோதனையை நடைபாதையில் நின்று செய்யாதீர்கள். பஸ் ஓட்டுநரின் இருக்கை உயரத்திலிருந்தும், ஸ்கூட்டரில் அமர்ந்தபடி லாரிக்குப் பின்னால் நின்றும், நடப்பவராகக் கடக்கும் கோட்டின் முனையிலிருந்தும் பாருங்கள். மாலை வெயில் சிக்னலின் முகத்தில் விழும் நேரத்தில் ஒரு முறை, மழையிரவில் ஒரு முறை. தெருவிளக்கின் கிளை நிழலோ மரக்கிளையோ குறுக்கே வருகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

கம்பத்தில் ஒரே எண்ணைப் பெரிதாக எழுதி, அதை இரண்டு துறைகளின் பதிவேட்டிலும் ஏற்றச் சொல்லுங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்து விளக்கு எரியவில்லை என்று சொல்பவருக்கும், சிக்னல் எரியவில்லை என்று காவலரிடம் சொல்பவருக்கும் அடையாளம் ஒன்றாக இருக்க வேண்டும். விளக்கு மாற்ற ஸ்கை லிஃப்ட் (ஆளை உயரத்துக்குத் தூக்கும் வண்டி) வரும் நாளில் சிக்னல் பிரிவுக்குத் தகவல் போக வேண்டும். ஏணியைச் சிக்னல் பெட்டியின் மேல் சாய்ப்பது அன்றாடம் நடப்பது.

லாரி மோதினால் மாற்றுவதற்கு அதே வகைக் கம்பம் ஒன்றாவது கிடங்கில் இருக்கட்டும். இரட்டைப் பயன் கம்பம் கடையில் கிடைக்கும் சாமான் அல்ல. செய்யச் சொல்லிக் காத்திருந்தால் அந்த மூலையில் விளக்கும் இல்லை, சிக்னலும் இல்லை. அது வரும்வரை வைப்பதற்கு, சக்கரம் வைத்த தற்காலிகச் சிக்னல் ஒன்றையும் ஒப்பந்தத்தில் கேளுங்கள்.

முதல் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், தை மாதவாக்கில், கிளாம்புகளை முடுக்கி, கதவின் ரப்பரைப் பார்த்து, எர்த்தின் தடையை அளந்து எழுதச் சொல்லுங்கள். கட்டிவிட்ட கேபிள் டிவிக் கம்பிகளையும் கொடிகளையும் அதே வருகையில் அறுத்தெறியலாம். அவை எப்படியும் மறுபடி வரும், அடுத்த தை மாதத்துக்கும் சேர்த்தே ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.